சுமதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுமதி,

அண்ணன் மகளுக்குக் கால் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். சென்னையில் இதே ஓ.எம்.ஆர். ரோட்டில் நாம் சேர்ந்து நைட் ஷிஃப்ட் பார்த்த காலத்தை வைத்து நீயே ஒரு முடிவுக்கு வந்திருப்பாய் என்று நினைத்தேன்.

எங்கள் கட்டடம் இப்போது பசுமைக் கட்டடம். மொட்டைமாடியில் சோலார், பேப்பர் கப்புக்குத் தடை, வாசலில் கண்ணாடிச் சட்டத்தில் சான்றிதழ். நல்லதுதான். ஆனால் போன தீபாவளிக்கு ஃப்ளோரில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று இல்லை. கரண்ட்டை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆட்களைத் தக்கவைக்கத் தெரியவில்லை, அல்லது அதற்கு அவசியம் இல்லை. வாசலில் அடுத்த பேட்ச் நிற்கிறதே!

நம் கஸ்டமர்கள் இருக்கும் நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை ஆறரை; நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் ஏழரை. அதெல்லாம் மாறவில்லை. பாத்ரூம் போகவும் சிஸ்டத்தில் பிரேக் போட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். போன வாரம், மாதவிடாய் வலியோடு வந்திருந்த ஒரு பெண்ணிடம், நாலு நிமிஷம் கூடிவிட்டது என்று எல்லார் முன்னாலும் ரிப்போர்ட்டை நீட்டினான் டீம் லீடர். நான் அவனோடு சண்டை போட்டேன். ரிப்போர்ட் என்னவோ அப்படியேதான் மேலே போயிற்று.

இரவு ஷிஃப்ட்டைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லேயே சேர்த்துவிட்டது. பிலிப்பைன்ஸில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையிலான வேலைக்கு 10 சதவீதமாவது கூடுதலாகத் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இங்கே நைட் அலவன்ஸ் கம்பெனி மனசு வைத்தால் உண்டு.

தேறியது, வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் ஆபீஸ் கேப் மட்டும்தான். 2005 டிசம்பரில் பெங்களூரில் வேலைக்குக் கிளம்பிய பெண்ணை டிரைவர் கொன்றானே, அதற்கப்புறம் வந்த கெடுபிடி இன்னும் இருக்கிறது. கடைசியாக இறங்குவது பெண் என்றால் கூடவே செக்யூரிட்டி வருவார்.

அப்புறம், பேசப் பேசவே நம் உச்சரிப்பை மாற்றிவிடும் மென்பொருள் வந்துவிட்டது, தெரியுமா? டெலிபெர்ஃபார்மன்ஸ் என்ற கால் சென்டர் கம்பெனி 2025-இல் இந்திய ஏஜென்டுகளுக்கு அதைக் கொண்டுவந்தது. நம்மை வாரக்கணக்கில் அமெரிக்க இங்கிலீஷ் பேசவைத்து வதைத்தார்களே, அந்த டிரெயினர்கள் பாடுதான் திண்டாட்டம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கையில் வேறு வேலை இல்லையென்றால் சேரட்டும். ஆனால் ஷிஃப்ட் எத்தனை நாளைக்கு ஒருமுறை மாறும், வீட்டு வாசல் வரை டிராப் உண்டா என்று முதலில் கேட்கச் சொல். ஆஃபர் லெட்டரை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்கிற மாதிரி பாண்ட் ஏதாவது இருந்தால் நான் பார்க்கும் வரை கையெழுத்துப் போடவேண்டாம்.

அன்புடன்,
கலா