லைன் ஓரத்தில் கிடைத்த இரும்பு

செங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். வீட்டுக்காரிக்கு முட்டிவலி, பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. அதைப் பற்றி எழுதினால் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு என்னைத் திட்டுவாய், அதனால் விட்டுவிடுகிறேன்.

என் அக்கா மகன் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறான். தூத்துக்குடிப் பக்கம் சிவகளையில் தோண்டியெடுத்த இரும்புக்கு 5,300 வருஷப் பழமை என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்களே, அன்றிலிருந்து பயலுக்குத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் புளியரைப் பக்கம் தோப்பு தோப்பாக அலைகிறான். சோடா மூடி, மாட்டு லாடம், வண்டிக் கடையாணி என்றுதான் கிடைத்துக்கொண்டிருந்தது. போன மாதம் பழைய மீட்டர் கேஜ் ரயில் லைனை ஒட்டிய சொந்தக்காரர் தோப்பில் ஒரு பெரிய சாமான் சிக்கியது.

இட்லிக் கொப்பரை மூடி மாதிரி கவிந்த கனத்த இரும்பு. உச்சியில் தட்டையான இடம், அதன் இரண்டு பக்கமும் மேலே எழும்பிய விளிம்பு. பக்கவாட்டில் ஓட்டைகள். தூக்கிவர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. முதுமக்கள் தாழியின் மூடி என்றான் ஒருவன், கொல்லன் உலை என்றான் இன்னொருவன். வாட்ஸ்அப்பில் பீரங்கி வரைக்கும் போய்விட்டது. இவன் ஆசிட் ஊற்றிக் கழுவப் பார்த்தான், நான் விடவில்லை.

எனக்கு உறுத்தியது அதன் ஒழுங்கு. துருவைச் சுரண்டினால் ஓரம் நெடுக அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு தெரிந்தது. ஒரு மூலை உடைந்திருந்தது. உள்ளே நார் நாராக இல்லை, சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தது. நம் பழைய கொல்லர்கள் இரும்பை அடித்து அடித்து உருவாக்கியவர்கள். அடித்த இரும்பு உடைந்தால் நார் தெரியும். இது அச்சில் ஊற்றியது. ஃபவுண்டரியில் பிறந்தது என்று அப்போதே சொல்லிவிட்டேன், யார் கேட்டார்கள்?

பகவதிபுரத்தில் தண்டவாளத்தை நடந்து சோதிக்கும் கீமேனாக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். வந்து பார்த்தார், சிரித்தார். "சார், இது சிலீப்பரு!"

பாட் சிலீப்பர், தண்டவாளத்தைத் தாங்குகிற சட்டி. மரக்கட்டையைக் கறையான் தின்றுவிடும் என்பதால் வார்ப்பிரும்பில் செய்தது. தண்டவாளம் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்து, இரண்டு சட்டியையும் டை பார் என்கிற இரும்புப் பட்டையால் இணைப்பார்கள். தண்டவாளம் உட்காரும் இடம்தான் உச்சியில் இருந்த அந்தத் தட்டை. ஓட்டைகள் வழியாக உள்ளே ஜல்லியைக் கெட்டியாக அடைப்பது, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. நாலு டிகிரிக்கு மேல் வளைவு என்றால் இதைப் போட மாட்டார்களாம். அப்படியானால் ஆரியங்காவுப் பக்கத்து மலை வளைவுகளில் இதற்கு வேலை இல்லை. நம் பக்கத்து நேர்ப்பாதையில் கிடந்ததாகத்தான் இருக்கும்.

புனலூர் லைன் திறந்தது 1904இல். அப்போது நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பரில்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2010இல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018இல் பிராட் கேஜில் முழுப் பாதையும் திறந்தபோது பழைய சாமான்களில் நிறைய ஏலத்துக்குப் போயிருக்கும். இது ஒன்று மண்ணுக்குள் தங்கிவிட்டது.

பயலுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஐயாயிரம் வருஷத்தைத் தேடுகிறவனுக்கு அவன் தாத்தா ரயிலேறிய பாதை தெரியவில்லை. எனக்கென்னவோ தாழி மூடியைவிட இதுதான் பிடித்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் கொல்லம் ரயிலில் எத்தனை தடவை இதன் தலைமேல் போயிருப்போம்!

அப்புறம்தான் வேடிக்கை. புதையல் என்றால் 1878ஆம் வருஷச் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். ரயில்வே சாமான் என்றால் 1966ஆம் வருஷச் சட்டம். திருட்டுச் சாமான் என்று சந்தேகம் வந்தால், நியாயமாக நம் கைக்கு வந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை உள்ளே போடலாம். இதைச் சொன்னதும் பயல் சாயங்காலமே ரயில்வே ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம், இன்னும் வரவில்லை. தோப்பில்தான் கிடக்கிறது.

ஒரு விஷயம். உங்கள் பழைய வீட்டு மாட்டுத்தொழுவத்தில் குறுக்கே நீளமாக ஓர் இரும்புப் பட்டை கிடக்கும், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த தடவை வரும்போது இரண்டு முனையிலும் ஓட்டை இருக்கிறதா என்று பார். இருந்தால் என்னிடம் நேரில் சொல், கடிதத்தில் எழுதாதே.

அன்புடன்,
உன் செங்கோட்டைக்காரன்