குடும்ப ஓய்வூதியரின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவைக் குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: குடும்ப ஓய்வூதியர் ஒருவர் (பெயர், முகவரி, ஓய்வூதியக் கொடுப்பாணை எண் ஆகியவை இணைப்பில்)

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்

பொருள்: ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் – மாதச் சந்தா – வயதாலும் தனிமையாலும் கூடுதல் சுமை – குறைக்கப் பரிந்துரைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: ஓய்வூதியர் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் நான் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமிழ்நாடு அரசில் அலுவலக உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, பின்னர் காலமானவரின் மனைவி நான். பார்வையில் கண்ட மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்ததே தவிர, இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. 1.7.2022 முதல் நடைமுறையில் உள்ள ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 30.6.2026 அன்று முடிவடைவதால், அடுத்த திட்டத்துக்கான சந்தா முடிவாகும் முன்னர் கீழ்க்காண்பவற்றைத் தங்கள் மேலான கவனத்துக்கு மீண்டும் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

1. அரசு ஊழியர்களுக்கான 2021ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பணியில் உள்ள ஊழியரிடம் மாதம் 300 ரூபாய் பிடிக்கப்பட்டு, அவருக்கும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் காப்பீடு வழங்கப்படுகிறது. ஓய்வூதியரிடம் மாதம் பிடிப்பது 497 ரூபாய். நான்காண்டுகளுக்கு 5 லட்சம் ரூபாய் என்னும் பொது வரம்பு இரண்டு திட்டங்களிலும் ஒன்றே. ஓய்வூதியர் சந்தா 2014இல் 150 ரூபாயாகவும் 2018இல் 350 ரூபாயாகவும் இருந்தது.

2. முதியோருக்கு நோயும் செலவும் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2008இல் ஊழியர்களுக்கு இத்திட்டம் வந்தது முதல், என் கணவர் திடமாக இருந்த காலமெல்லாம் அவருடைய சம்பளத்தில் சந்தா பிடிக்கப்பட்டது. அந்தப் பணம் அன்று நோயுற்ற சக ஊழியர்களுக்குப் பயன்பட்டது. அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, காப்பீடு என்பதே அதற்காகத்தான். உதவி தேவைப்படும் வயது வந்ததும் முதியோரை மட்டும் தனியே பிரித்து, உங்கள் செலவை உங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று விடுவது எந்த வகையில் முறை? ஊழியரையும் ஓய்வூதியரையும் ஒரே திட்டத்தில் சேர்த்தால் முதியோர் பங்கு குறையும். அதனால் இளையோருக்கு ஏறும் தொகையை அரசே ஏற்க வேண்டும், குறிப்பாக 1.4.2003 அன்றோ அதற்குப் பின்னரோ பணியில் சேர்ந்து, பழைய ஓய்வூதியம் இல்லாமல் நிற்பவர்களின் தலையில் எங்கள் சுமையை ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

3. என்னை மிகவும் வாட்டுவது இதுதான். கணவர் உயிருடன் இருந்தபோது எங்கள் இருவருக்குமாக 497 ரூபாய் பிடித்தார்கள். அவர் போன பிறகு, ஓய்வூதியம் குடும்ப ஓய்வூதியமாகச் சுருங்கிய பிறகு, என் ஒருத்திக்கும் அதே 497 ரூபாய் பிடிக்கிறார்கள். குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 7,850 ரூபாயும் அகவிலைப்படியும் பெறுகிறவளுக்கும், உயர் அலுவலராக ஓய்வுபெற்றவருக்கும் சந்தா ஒன்றே. மருத்துவப்படி என்று 300 ரூபாய் கொடுத்துவிட்டு, மருத்துவக் காப்பீடு என்று 497 ரூபாய் எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவமனையில் சேர்ந்தால்தான் காப்பீடு; சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அதில் ஒரு பைசாவும் கிடையாது. ஆகவே சந்தா போக மீதி போதாத மாதங்களில் மாத்திரையைப் பாதியாக உடைத்து நாள் கடத்தும் பெண்கள் எங்களில் உண்டு. கருவூலத்தில் ஆண்டு நேர்காணலின்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மாடியேறுகிறார்களே, அவர்களைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். இருவருக்கு உரிய தொகையை ஒருத்தியிடம் வாங்குவதற்கு என்ன காரணம் என்று யாராவது ஒருவர் எழுத்தில் சொல்லக் கூடாதா? "ஆவன செய்யப்படும்" என்று வாயால் சொல்லி அனுப்புவது பதிலாகுமா, ஐயா?

4. சந்தாவைக் குறைக்க வேண்டும். அதிகாரம் நிதித்துறைக்கே உண்டு என்பதை அறிவேன். தங்கள் பரிந்துரையையே கேட்கிறேன்.

எனவே, தனித்து வாழும் குடும்ப ஓய்வூதியரின் சந்தாவைப் பாதியாக்கவும், மற்றவர்களுக்கு ஓய்வூதியத் தொகைக்கு ஏற்ப நிர்ணயிக்கவும், இரு திட்டங்களையும் இணைப்பது பற்றிப் பரிசீலிக்கவும் அரசுக்குப் பரிந்துரை அனுப்பி, அதன் நகலை எனக்கு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மற்றவற்றுக்குக் காலம் பிடிக்குமெனில், தனித்து நிற்கும் பெண்களின் சந்தாவையாவது அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் குறைக்கச் செய்யுமாறு மீண்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடும்ப ஓய்வூதியர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், ஓய்வூதியப் பிடித்த விவரம்.