தீவில் வீடு வாங்குவோர் முதலில் கரையைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவுகளில் கடலை ஒட்டிய வீடுகள் விற்பனைக்கு வருவது பற்றிய கட்டுரைகளும் விளம்பரங்களும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. வரவேற்பறை, மாடி, மாலை நேரக் கடல் எல்லாம் அவற்றில் உண்டு. மனை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், கரைச்சுவருக்கு எத்தனை வயது, கழிவுநீர் எங்கே போகிறது என்பது மட்டும் இருப்பதில்லை. இந்த மூன்று விவரமும் இல்லாத விளம்பரத்தை வெளியிடுவதில்லை என்று நாளிதழ்கள் முடிவெடுத்தால் பலரின் வாழ்நாள் சேமிப்பு தப்பும். அதுவரை, வாங்குகிறவரே கரையிலிருந்து தொடங்கி வீட்டுக்குள் கடைசியாக நுழைய வேண்டும்.

எந்த நாளில் போய்ப் பார்க்கிறோம் என்பதே பாதி வேலை. பௌர்ணமி, அமாவாசை கழிந்த ஒன்றிரண்டு நாட்களில் ஓதம் (கடல்நீர் ஏற்றம்) உச்சத்தில் இருக்கும். வற்றமும் (நீர் இறக்கம்) அதே நாட்களில்தான் மிகத் தாழும். பெரும்பாலான கடற்கரைகளில் இரண்டுக்கும் இடையே ஆறு மணி நேரம்தான் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். நீர் ஏறியிருக்கும்போது தெருவில் நடந்து மழைநீர் வடிகாலின் கம்பி மூடிக்குள் எட்டிப் பாருங்கள். மழையே இல்லாத நாளில் உள்ளே நீர் நிறைந்திருந்தாலோ, சுவரில் சிப்பி ஒட்டியிருந்தாலோ, கடல் அந்தக் குழாய் வழியாகத் தெருவுக்கு வந்துபோகிறது என்று பொருள். வீட்டை எவ்வளவு உயர்த்திக் கட்டியிருந்தாலும், அந்த நாட்களில் கார் உப்புநீரில்தான் நிற்கும்.

உயரத்தைக் கேட்கும்போது, எங்கிருந்து அளந்த உயரம் என்பதையும் கேட்க வேண்டும். நில அளவையில் உயரம் பொதுவாகச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்காகிறது. ஓத அட்டவணையில் இருக்கும் எண்களோ மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய மட்டத்திலிருந்து கணக்காகின்றன. "தண்ணீருக்கு மேலே 3 மீட்டர்" என்று விற்பவர் சொல்வது வற்றத்தில் எடுத்த அளவாக இருந்தால், ஓதம் 2 மீட்டர் ஏறும் இடத்தில் மிஞ்சுவது 1 மீட்டர்தான். புயல் வந்தால் அது எந்த மூலைக்கு? 1900இல் அமெரிக்காவின் கால்வெஸ்டன் தீவில் புயலோடு கடல் சுமார் 15 அடி உயர்ந்து வந்தது. தீவின் மிக உயர்ந்த இடமே 9 அடிக்குள்தான். 6,000 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பிறகு அந்த ஊர் கடற்சுவர் எழுப்பியதோடு நிற்கவில்லை. கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணலை நிரப்பித் தரையையே உயர்த்தியது. 1964இல் தனுஷ்கோடிக்கு என்ன ஆனது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருப்பதால், பழைய சுவர்கள் பழைய மட்டத்துக்குக் கட்டியவை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரைச்சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்; வீட்டைப் பழுது பார்ப்பதைவிடச் சுவரை மாற்றுவது பல நேரங்களில் பெரிய செலவு. வெளியே தெரிவது சுவரின் முகம் மட்டுமே. கடலடி மண்ணில் அடித்து இறக்கிய தகடு, அதன் தலையில் ஓடும் கான்கிரீட் பட்டை, அங்கிருந்து மனைக்குள் சில மீட்டர் பின்னால் போகும் இழுகம்பி, அந்தக் கம்பியைப் பிடித்தபடி மண்ணுக்குள் புதைந்திருக்கும் நங்கூரக் கட்டை ஆகிய எல்லாம் சேர்ந்துதான் சுவரை நிறுத்துகின்றன. இழுகம்பி சுவரோடு சேரும் இடத்தில் துருப்பிடித்து அறுந்தால், வெளியே எதுவும் தெரியாமலே சுவர் சாயத் தொடங்கும். சுவரின் ஒரு முனையில் குனிந்து நின்று, தலைப் பட்டையின் விளிம்பை மறுமுனை வரை ஒரு கண்ணால் பாருங்கள். கோடு கடல் பக்கம் வயிறு தள்ளியிருந்தால் இழுகம்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, சுவருக்குப் பின்னால் உள்ள தரை. அங்கங்கே புல் அமிழ்ந்தோ, பதித்த கல் இறங்கியோ இருந்தால், தகடுகளின் இணைப்பு வழியாக மணல் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு மீட்டர் நீளக் கம்பியைக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எதிர்ப்பே இல்லாமல் சரேலென்று இறங்கும் இடத்தில் அடியில் பொந்து. விற்பதற்கு முன் அந்தப் பள்ளங்களில் மண் கொட்டிப் புதுப் புல் பதிப்பது வழக்கமான வேலை, ஆகவே புதுப் புல்லைக் கண்டால் அங்கேதான் முதலில் குத்த வேண்டும். சுவரில் உள்ள வடிதுளைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கனமழையில் பின்மண் ஊறி, கடல் சட்டென்று வற்றும்போது, உள்ளே தேங்கிய நீர் சுவரை வெளியே தள்ளும். நல்ல சுவர்கள்கூடப் புயலைத் தாங்கிவிட்டு, அடுத்த வற்றத்தில் விழுவது இதனால்தான்.

வற்றத்தின்போது சுவரடிக்கு இறங்கிக் கடலடி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்து, கட்டியபோது போட்ட வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். அலை சுவரில் மோதித் திரும்பும்போது அடிமணலை அரித்துக்கொண்டு போகும். அரை மீட்டர் தாழ்ந்திருந்தால், தகட்டின் பிடிமானத்தில் அரை மீட்டர் போய்விட்டது. அடியில் பாறை போட்டே ஆக வேண்டும். மரத்தூண் உள்ள படகுத்துறையானால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கப்பல் புழு தின்ற மரத்தில் வெளியே ஊசித்துளைதான் தெரியும், உள்ளே தேன்கூடுபோல வெறுமையாகியிருக்கும். பக்கத்து மனையின் சுவரையும் விட்டுவிடாதீர்கள். அது விழுந்தால் கடல் ஓரமாகச் சுற்றி உங்கள் சுவரின் முதுகுக்கு வந்துவிடும்.

இனி வீடு. உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியை எட்டினால் துரு தொடங்குகிறது. துரு, இழந்த இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியின் நீளவாக்கிலேயே விரிசல் ஓடும், பிறகு காரை பெயரும். பெயர்ந்த இடத்தை மட்டும் புதுக் கலவையால் பூசி மூடுவது எங்கும் நடக்கிறது. அது மேலும் கெடுதல். பூச்சுக்குள் இருக்கும் கம்பியில் துரு அடங்கிவிடும், பூச்சின் ஓரத்தை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் துரு வேகமெடுக்கும். தூண்களையும் பால்கனியின் அடிப்பகுதியையும் தட்டிக்கொண்டே போனால், வெற்றுச் சத்தம் வரும் இடங்கள் சதுரம் சதுரமான பூச்சுகளைச் சுற்றியே இருப்பதைக் காணலாம். பொறியாளரிடம் மூன்று சோதனை கேளுங்கள்: கம்பிக்கு மேல் மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம் (கடலோரத்தில் 50 மில்லிமீட்டராவது வேண்டும்), ஆழவாரியாக எடுத்த கான்கிரீட் தூளில் குளோரைடு (ஊறிய உப்பு) அளவு, கம்பியின் மின்னழுத்தம். செம்பு சல்பேட் மின்முனையை ஒப்பாக வைத்து அளக்கும்போது –350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், அங்கே துரு நடந்துகொண்டிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம்.

தூண்களில் தூக்கிக் கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தைப் பிற்பாடு சுவர் வைத்து அறையாக்கியிருந்தால் கவனம். தண்ணீர் தூண்களுக்கு நடுவே புகுந்து போகட்டும் என்றுதான் அது திறந்திருந்தது. உறுதியான சுவர் அலையின் முழு அடியையும் வாங்கித் தூண்களுக்குக் கொடுத்துவிடும். அந்த அறைக்கு விலையில் ஒரு பைசா சேர்க்கக் கூடாது, இடிக்கும் செலவைக் கழிக்க வேண்டும்.

குடிநீர் கிணற்றை நம்பியதானால், தீவின் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும்: இறைத்து இறைத்து நீர்மட்டம் 25 சென்டிமீட்டர் தாழ்ந்தால், நாளடைவில் உப்புநீர் 10 மீட்டர் மேலே வரும். கோடையின் கடைசியில், மோட்டாரைச் சில மணி நேரம் ஓடவிட்டு, அதன்பின் எடுத்த நீரைச் சோதிக்கக் கொடுங்கள். செப்டிக் டேங்கின் வடிநிலத்துக்குக் (அதன் கழிவுநீர் மண்ணில் ஊறும் இடம்) கீழே குறைந்தது 60 சென்டிமீட்டர் உலர்ந்த மண் வேண்டும்; ஓத உச்சத்தில் குழி தோண்டிப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

பத்திரத்தில் உள்ள எல்லையும் தரையில் உள்ள எல்லையும் ஒன்றா என்று புதிய அளவையில் பார்க்க வேண்டும். பல நாடுகளில் உயர் ஓதக் கோட்டுக்கு வெளியே உள்ளது பொதுச்சொத்து. கரை மெல்ல அரித்தால் அந்தக் கோடு மனைக்குள் நகர்ந்து வரும், பட்டா எதுவும் அதை நிறுத்தாது. சுவருக்கும் படகுத்துறைக்கும் அனுமதி யார் பேரில் இருக்கிறது, வீட்டோடு மாறுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டில் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தனித்தனிப் பாலிசி என்றால், இரண்டின் பிரீமியத்தையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தீவுக்கு ஒரே பாலமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். 2022இல் இயன் புயல் புளோரிடாவின் சானிபெல் தீவுப் பாலச்சாலையை உடைத்தபோது, படகில்லாமல் அங்கே போக வழியில்லாமல் போனது.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை கட்டாயம் வேண்டும். கரைச்சுவர், கான்கிரீட், கிணறு, செப்டிக் ஆகிய நான்குக்கும் வாங்குகிறவர் நியமிக்கும் ஆட்கள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை பாதகமானால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும். கால அவகாசம் ஒரு பௌர்ணமியையும் ஓர் அமாவாசையையும் உள்ளடக்கியதாக இருக்கட்டும். இதற்கு ஒப்பாத விற்பனையாளரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கடலோரக் கட்டுமானப் பணியில் உள்ள வாசகர்கள்