இரண்டு துண்டு கேக்குக்கு இவ்வளவு தண்டனையா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சில நாள் ஆகிவிட்டது. உடனே பதில் போட்டால் "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுவேனோ என்று தோன்றியது, அதனால் இன்று நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலையில் சேர்ந்துவிட்டான், வீட்டில் அவன் குரல் கேட்பதே அபூர்வமாகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடத் தேவலாம், யாரும் பிடிக்காமலே வாசல் வரை வந்து உட்காருகிறார். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதிலிருந்து நானும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். மெதுவாகத்தான் குறைகிறது, எனக்கும் அவசரமில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். டயட்டில் இருக்கும் நீ மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாய். அதை ஈடுகட்ட இரவுச் சாப்பாட்டை விட்டாய். எல்லோரும் தூங்கிய பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, விளக்கைக்கூடப் போடாமல், நின்றபடியே மிச்சக் கேக்கைத் தின்று முடித்தாய். காலையில் எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது, அதனால் அன்று காலையிலும் பட்டினி. இத்தனையும் எழுதிவிட்டு, "எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லைடா, நான் எதற்கும் லாயக்கில்லை" என்று கடைசியில் ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அவ்வளவு நீளக் கடிதத்தில் கேக் ருசியாக இருந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை, மகள் எப்படிச் சந்தோஷப்பட்டாள் என்பதும் இல்லை. கூட்டல் கழித்தல் மட்டும்தான் இருந்தது.

எனக்குத் தோன்றுவதை நேராகச் சொல்கிறேன். அந்த இரண்டு துண்டு உனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அதற்குப் பிறகு உன்னையே நீ திட்டிக்கொண்டாய் பார், ராத்திரி ஃப்ரிட்ஜ் வரை உன்னை இழுத்துக்கொண்டு போனது அதுதான்.

முதலில் அந்த ஒன்றரைக் கிலோவைப் பார்ப்போம், ஏனென்றால் உன்னை அதிகம் உடைத்துப்போட்டது அந்த எண்தான். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. ஒரு துண்டு கேக்குக்கு 350 முதல் 400 கலோரி என்று வைத்துக்கொள், இரண்டு துண்டுக்கு அதிகபட்சம் 800. அது முழுவதும் அப்படியே கொழுப்பாக மாறினாலும் சுமார் 100 கிராம்தான் வரும். ராத்திரி தின்ற மிச்சத்தையும் சேர்த்தால்கூட ஒன்றரைக் கிலோவுக்குக் கணக்கு வராது, அதற்கு 11,000 கலோரிக்கு மேல் உள்ளே போயிருக்க வேண்டும், அதுவும் அன்றைய தேவைக்கு மேலாக. அப்படியானால் தராசு ஏன் அப்படிக் காட்டியது? மாவும் சர்க்கரையும் சாப்பிட்டால் உடம்பு அதில் ஒரு பங்கைக் கிளைகோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசையிலும் வைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது. டயட்டில் இருப்பவனுக்கு இந்தச் சேமிப்பு குறைந்துபோய் இருக்கும், அதனால் கிடைத்தவுடன் உடம்பு வேகமாக நிரப்பிக்கொள்ளும். விருந்துச் சாப்பாட்டில் உள்ள உப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இன்னும் செரிக்காமல் குடலில் கிடக்கும் உணவுக்கும் எடை உண்டு. ஆக, காலையில் நீ பார்த்ததில் பெரும்பகுதி தண்ணீர், வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாளில் தானே இறங்கிவிடும். டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் மளமளவென்று குறைந்தது என்று துள்ளிக் குதித்து எழுதியிருந்தாயே, அதிலும் பாதிக்கு மேல் இதே தண்ணீராகத்தான் இருந்திருக்கும். அதற்காக உன் சந்தோஷம் வீண் என்று சொல்லவில்லை. ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு உன்னை நீ எடைபோடாதே என்றுதான் சொல்கிறேன்.

இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன். அது உனக்கு மட்டும் இருக்கும் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், இல்லை. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரிப் பெண்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்து மதிப்பிடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள், வயிறு நிறைந்தவர்கள் செய்வதுதான். எப்போதும் டயட்டில் இருப்பவர்கள் நேர்மாறு, மில்க் ஷேக் குடித்த பிறகு அவர்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள். பின்னால் நடந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. குடித்ததில் கலோரி அதிகம் என்று நம்பினாலே போதும், உண்மையில் எவ்வளவு என்பது அவ்வளவு முக்கியமில்லை. 'இன்றைக்குக் கெட்டுப்போச்சு, இனிமேல் என்ன' என்ற அந்த ஒரு நினைப்புதான் கதவைத் திறந்துவிடுகிறது. உன் கடிதத்தில் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள் இருந்தன, திரும்ப எடுத்துப் பார்.

நீ உடனே கேட்பாய், குற்ற உணர்ச்சிகூட இல்லையென்றால் கட்டுப்பாடே போய்விடாதா, அதுதானே என்னைப் பிடித்து நிறுத்துகிறது என்று. நியாயமான கேள்விதான், எனக்கும் வெகுகாலம் இந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. நியூசிலாந்தில் ஓர் ஆய்வு, 2014இல் வெளிவந்தது. சாக்லேட் கேக் என்றதும் உங்கள் மனதில் வருவது கொண்டாட்டமா, குற்ற உணர்ச்சியா என்று கேட்டுவிட்டு, அதே ஆட்களைப் பல மாதம் கழித்துப் பார்த்தார்கள். குற்ற உணர்ச்சி என்று சொன்னவர்கள் ஆரோக்கியமாகச் சாப்பிடுவதில் மற்றவர்களைவிட உறுதியாக ஒன்றும் இல்லை, சாப்பாடு தங்கள் கையில் இல்லை என்ற எண்ணம்தான் அவர்களுக்கு அதிகம். எடை குறைக்க நினைத்தவர்களிலும் கொண்டாட்டம் என்று சொன்னவர்களே மேலாகக் குறைத்திருந்தார்கள். இன்னொன்று 2007இல் ஆடம்ஸ், லியரி என்பவர்கள் செய்தது. பெண்களுக்கு டோநட் கொடுத்துவிட்டு, ஒரு பகுதியினரிடம் மட்டும், எல்லோரும் எப்போதாவது இப்படிச் சாப்பிடுகிறவர்கள்தான், உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள் என்று இரண்டு வார்த்தை சொன்னார்கள். அடுத்து மிட்டாய் வைத்தபோது, டயட்டில் இருந்தவர்களில் அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் கேட்காதவர்களைவிடக் குறைவாகத்தான் எடுத்தார்கள். இரண்டே வார்த்தை! உன் மகள் ஒரு பரீட்சையில் மதிப்பெண் குறைந்து வந்து நின்றால் நீ சொல்லக்கூடிய மாதிரியான வார்த்தை. அதை உனக்கு நீ ஏன் சொல்லிக்கொள்ள மாட்டேன் என்கிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பட்டினி கிடந்து ஈடுகட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபமே உண்டு. சாப்பிட்டதற்காக அடுத்த வேளையை விடுவது, வட்டி கட்டுவதற்காக இன்னொரு இடத்தில் வட்டிக்கு வாங்குவது மாதிரி. அந்த இரவு நீ சாப்பிட்டிருந்தால், பன்னிரண்டு மணிக்கு உன்னை எழுப்பியது பசியா மனசா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதே இருந்திருக்காது. 1944–45இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப்பட்டினியாக வைத்துப் பார்த்தார். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. ஆனால் என்னை யோசிக்க வைத்தது அது இல்லை. அந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. பேச்சு அதுதான், கனவு அதுதான், சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு சிலர் வயிறு வெடிக்கும் அளவு சாப்பிட்டும் பசி தீரவில்லை என்றார்கள். மனக்கட்டுப்பாடு இல்லாதவர்களாக அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பசித்த மூளை எல்லோரிடமும் அப்படித்தான் நடந்துகொள்ளும். 2011இல் வந்த ஓர் ஆய்வில், டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் முன்பைவிடக் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறைவாகவும் இருந்தது தெரிந்தது. உனக்கு இப்போது இனிப்பின் மேல் முன்பைவிட நாட்டம் அதிகம் என்றால் அதில் உன் உடம்பின் வேலையும் இருக்கிறது, அதற்கு உன் குணத்தைப் பழிக்காதே.

என் அக்காவை உனக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காக டயட், இனிப்பே தொடமாட்டேன் என்பாள், விசேஷங்களில் தட்டை நகர்த்தி வைப்பாள், எல்லோரும் அவள் வைராக்கியத்தைப் புகழ்வார்கள். பிறகு ஒருநாள் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இனிப்பு சாப்பிடுவதாகவும், அது சுற்றி வந்த காகிதங்களை யார் கண்ணிலும் படாமல் அப்புறப்படுத்துவதாகவும். அவளுக்கு எடையைவிட அந்த ஒளிவு மறைவுதான் பெரிய பாரமாக இருந்தது. இப்போது அவள் எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறாள், போதும் என்றால் வைத்துவிடுகிறாள், சில நாள் இன்னொன்றும் எடுப்பாள். எடை பெரிதாக மாறவில்லை. ஆனால் ஆளே மாறிவிட்டாள், சிரிக்கிறாள். இதை உனக்குச் சொல்லலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை. இனிப்பைத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, முடிந்தவரை யாரோடாவது சேர்ந்து சாப்பிடுகிறேன். அதை வீட்டில் வாங்கி அடுக்கி வைப்பதில்லை, கண்ணில் பட்டால் கை போகும், எனக்கும்தான். சாப்பிட்டேன் என்பதற்காக அடுத்த வேளையை விடுவதும் இல்லை, கூடுதலாக ஓடுவதும் இல்லை. நடப்பது மனசுக்கு நல்லது என்பதால் நடக்கிறேன், அதைத் தண்டனையாக்கிவிட்டால் நடையும் கசந்துவிடும். எடையை ஒரு நாள் எண்ணாகப் பார்க்காமல் சில வாரப் போக்காகப் பார்க்கிறேன். தூக்கம் கெட்ட மறுநாள் இனிப்புக்கு மனசு அலைகிறது, அன்று இன்னும் ஜாக்கிரதை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவுகூட, உணவில் சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பதுதான். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 10 சதவீதம் என்றால் 50 கிராம். யாரும் பூஜ்யம் என்று சொல்லவில்லை.

அதற்காக எவ்வளவு சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று நான் எழுதுவதாக எடுத்துக்கொள்ளாதே. உன் டாக்டர் சொன்ன காரணம் உண்மையான காரணம், எடை குறைய வேண்டும், உன் ரத்தச் சர்க்கரை பற்றி எனக்கும் கவலை இருக்கிறது. உன்னை அடித்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கவனமாகப் படி. ராத்திரியில் ஒளிந்து சாப்பிடுவது, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது, பிறகு உன்மேலேயே அருவருப்பு வருவது, இதெல்லாம் எப்போதாவது ஒரு தடவை நடந்தது என்றால் நான் மேலே எழுதியது போதும். வாராவாரம் நடக்கிறது, மாதக்கணக்காகத் தொடர்கிறது என்றால் அதற்கு மருத்துவத்தில் பெயரும் உண்டு, நல்ல சிகிச்சையும் உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையிலேயே நிறையப் பேருக்குக் குணம் தெரிகிறது. அப்படியென்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல். சொல்ல வாய் வரவில்லை என்றால் நான் கூட வருகிறேன், இதற்காக லீவு போடுவது எனக்கு ஒரு விஷயமே இல்லை.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை என்று எழுதியிருந்தாய். முடிவு எப்படி இருந்தாலும் அன்றைக்கே போன் பண்ணு. மகள் கல்லூரி விஷயம் என்ன முடிவாயிற்று, அவள் ஆசைப்பட்ட படிப்பே கிடைத்ததா? அதையும் எழுது. அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார், எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்