அக்டோபர் 2 அன்று தம்பியையும் கூட்டி வருகிறேன்

வேலூர் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு வயது 44. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவன். குடியாத்தம் பக்கம் கைத்தறி லுங்கிக்குத் தார் (தறி நாடாவுக்குள் வைக்கும் நூல்கட்டை) சுற்றுகிறான். நூல் அறுந்தால் முடிச்சுப் போடாமல் அடுத்த சுற்று ஓட்டமாட்டான். பத்து ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் மட்டும் வித்தியாசம் தெரியாது. ஊர் வைத்த பெயர் 'லூசு'. ஒரு கிராமசபையில் அவனுடைய உதவித்தொகைக்காக எழுந்து கேட்டேன். "பைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிதானேம்மா?" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

அவர்மேல் மட்டும் பழி போட முடியாது. பிறவிக் குறையையும் மனநோயையும் ஒன்றாகப் பார்க்கும் இந்தக் குழப்பம் சட்டத்திலேயே இருந்தது. புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மனிதப் பிறப்பில் நேரும் எட்டுக் குறைகளை எண்ணும்போது கூன், ஊமை, செவிடு என்று போய்க் கடைசியில் 'மருள்' (அறிவு மயக்கம்) என்று முடிக்கிறார். பயனில்லாப் பிறப்பு என்றே அவரும் சொல்கிறார். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் நோய் என்று சொல்லவில்லை. 1912-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டமோ, பிறவியிலேயே அறிவு வளராதவரையும் பித்துப் பிடித்தவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தது. மனநோய் வேறு, இது வேறு என்று சட்டம் பிரித்துச் சொன்னது 1987-இல். நடுவில் 75 வருடம். இப்போது 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'அறிவுசார் குறைபாடு' என்று பெயர்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். நைனா தாயத்துக் கட்டினார், வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனார். அதிலேயே மூன்று வருடம் போயிற்று. பிறகு யாரோ சொல்லி, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பாகாயம் மனநல மையத்துக்குப் போனோம். 1957-இல் தொடங்கிய அந்த மையத்தில் வீட்டார் ஒருவரும் கூடவே தங்குவது வழக்கம். அம்மா தங்கினாள். "இது நோயில்லம்மா, மாத்திரையில போகாது. சொல்லித் தரணும், திரும்பத் திரும்பத் தரணும்" என்றார் டாக்டர். சட்டைப் பொத்தான் போடப் பழக்கவே எட்டு மாதம் ஆயிற்று. தார் சுற்றக் கற்றுக்கொடுத்ததும் அம்மாதான்.

போன வருடம் அம்மா போய்விட்டாள். அவன் பெயரில் அவள் போட்டுவைத்த பணத்தைக் கேட்டால், 'காப்பாளர் சான்றிதழ் எங்கே?' என்கிறது வங்கி. 18 வயது தாண்டினால் பெற்றவர்கூடத் தானாகச் சட்டக் காப்பாளர் ஆகமாட்டாராம். 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழு நியமிக்க வேண்டும். இதை எனக்கு ஊரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தெரியவும் இல்லை.

ஆகவே கேட்கிறேன்: உங்கள் ஊரில் இப்படி எத்தனை பேர் வீட்டுக்குள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அடையாள அட்டையும் காப்பாளரும் இல்லை என்று கணக்கெடுங்கள். விண்ணப்பப் படிவத்தைக் கிராமசபையிலேயே கொடுங்கள். வயதான தாய்மார் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவார்கள்?

பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை உண்டு. வழக்குப் போடும் எண்ணம் எனக்கில்லை. கோர்ட்டுக்கு அலைந்தால் தார் யார் சுற்றுவது?

அக்டோபர் 2 கிராமசபைக் கூட்டத்துக்கு அவனையும் கூட்டி வருகிறேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி போடுங்கள். சத்தம் அவனுக்கு ஆகாது. மைக்கைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

இப்படிக்கு,
அவன் அக்கா