தாத்தாவின் இரட்டைக்குழல்

கும்பகோணம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கடைசி மழையில் சம்பா கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வயல் காய்ந்தால்தான் அறுவடை மெஷின் இறங்கும்.

அப்புறம், தாத்தாவின் துப்பாக்கியைச் சுடலாமா என்று நீ கேட்ட விஷயம். லைசென்ஸ் உன் பெயருக்கு மாறி, தாத்தாவின் இரட்டைக்குழல் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்தது நல்ல சேதி. ஆனால் இப்போதைக்கு அதில் தோட்டா போடாதே.

குழலில் வரிவரியாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அது டமாஸ்கஸ் குழல். இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்துக் காய்ச்சி, முறுக்கி, பட்டையாக அடித்து, ஒரு தண்டின்மேல் சுருளாகச் சுற்றி, சம்மட்டியால் அடித்தே ஒட்டவைப்பார்கள். பெல்ஜியத்தில் லியேஜ் பக்கமும் இங்கிலாந்தில் பர்மிங்காமிலும் இதற்கென்றே கொல்லர்கள் இருந்தார்கள். வெற்று எஃகில் வரியை மட்டும் போட்டு விற்ற போலிகளும் உண்டு.

இந்த வகைக் குழல் என்றாலே வெடித்துவிடும் என்று உன் மைத்துனர் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் பர்மிங்காம் புரூஃப் ஹவுஸில் பலவகைக் குழல்களை வெடிக்கும்வரை சோதித்து 1891-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலிடம் பிடித்தது முறுக்கி அடித்த ஒரு ஆங்கிலேயக் குழல். முறுக்காத எஃகில் பேர்பெற்ற விட்வர்த் எஃகே அதற்குப் பின்னால்தான் வந்தது.

ஆனால் அது புதுக்குழல். உன்னுடையது நூறு வருஷம் தாண்டியது, வேதாரண்யத்து உப்புக்காற்றில் கிடந்தது. அந்தக் காலத்து வெடிமருந்தான கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் வைத்தால் உள்ளே குழிகுழியாக அரித்துவிடும். அந்தக் குழியை மறைக்க யாராவது உள்ளே தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் சுவர் இன்னும் மெலிந்திருக்கும். இடதுகை பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சுவர் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் கவலை. அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பிரிட்டனில் தொழில் தெரிந்தவர்கள் தயங்குவார்கள். வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கான கேஜ் என்ற அளவுக்கருவி வைத்து நெடுக அளக்க வேண்டும். இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டைக்கு அடியிலும் துரு ஒளிந்திருக்கும்.

இன்னொன்று, தோட்டா. இப்போது கடையில் கிடைக்கும் தோட்டாவில் இருப்பது புகையில்லா வெடிமருந்து. பிரிட்டனில் அதற்கென்று தனிச் சோதனை முத்திரை 1896-இல்தான் வந்தது. அந்த மருந்தில் மெதுவாக எரியும் வகைகள் குழலின் மெல்லிய முன்பகுதி வரைக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோகும். போதாததற்கு, பழைய 12 போர் அளவுத் துப்பாக்கியில் தோட்டா அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டா 70. உள்ளே சுலபமாகப் போய்விடும், சுடும்போது விரியத்தான் இடம் இருக்காது, அழுத்தம் ஏறும். 'கருமருந்துத் தோட்டா போட்டால் பயமில்லை' என்று யாராவது சொன்னாலும் கேட்காதே. மெலிந்த சுவர் எந்த மருந்துக்கும் மெலிந்ததுதான்.

குழலைக் கழற்றி அடிப்பக்கத்தில் இருக்கும் சோதனை முத்திரைகளை வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. முத்திரை சரியாக இருந்தாலும் அது சோதித்த அன்றைய நிலைமையைத்தான் சொல்லும், அதனால் அளந்தே ஆகவேண்டும். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் கேஜ் வைத்திருப்பவர் யார் என்று திருச்சியில் விசாரிக்கிறேன். அந்தச் சுவர் அளவு சரியில்லை என்றால் எண்ணெய் போட்டுத் துடைத்து, லைசென்ஸோடு பத்திரமாக வைத்துக்கொள். தாத்தா பொருள் என்ற மதிப்பு அதனால் குறையாது.

குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்றா? தை பிறந்ததும் அங்கே வருகிறோம்.

அன்புடன்,
உன் நண்பன்