தேன்சிட்டுப் படம் பற்றிச் செல்வத்துக்கு

அன்பு மகன் செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். உன் நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய ஊதாப்பிட்டு தேன்சிட்டுப் படம் கிடைத்தது. பின்புலம் சுத்தமாக வந்திருக்கிறது. செம்பருத்திக்குப் பின்னால் மதில் நன்றாகத் தள்ளி இருக்கும்படி இடம் பார்த்து நின்றிருக்கிறாய். சொல்லிக்கொடுத்தாலும் பலருக்கு இது வராது. சித்தப்பாவிடம் காட்டினேன், நீ எடுத்தது என்று நம்பவே இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இறக்கை மட்டுமல்ல, தலையும் கலங்கியிருக்கிறது. கோப்பின் விவரத்தைப் பார்த்தேன்: ஷட்டர் 1/250 நொடி, ஒளியுணர்வைக் காட்டும் ஐஎஸ்ஓ 100. அந்தக் குருவி ஒரு நொடி சும்மா இருக்காது. 1/1000-க்குக் கீழே இறங்காதே. அந்தரத்தில் படபடக்கும்போது 1/2000 வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏறிப் படத்தில் புள்ளி விழுந்தாலும் விழட்டும். புள்ளி விழுந்த படத்தைத் தேற்றலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. போக்கஸ் புள்ளி ஒன்றே ஒன்று, அது கண்ணில்.

அதே விவரத்தில் நேரமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை 10.40. அந்த வெயில் படத்துக்கு ஆகாது. நிழல் கறுத்துவிடும், மஞ்சள் வயிறு வெளுத்துவிடும். ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் எடு. வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால்தான் ஆண் குருவியின் உச்சந்தலைப் பச்சை மின்னும். எட்டரைக்கு முடித்தால் குளித்துச் சாப்பிட்டு ஆபீஸ் கிளம்பவும் சரியாக இருக்கும்.

மண் தட்டில் தண்ணீர் வை. ஓர் அங்குல ஆழம் போதும், நடுவில் ஒரு கல். தினமும் மாற்று, இல்லாவிட்டால் கொசுப்புழு வரும். தட்டுக்கு மேலே காய்ந்த குச்சி ஒன்றைக் கட்டு. சின்னான் என்கிற கொண்டைக்குருவி பெரும்பாலும் முதலில் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கும். போக்கஸை அங்கேயே வைத்துக் காத்திரு. அதற்கெல்லாம் உனக்குப் பொறுமை இருக்கிறது; அம்மா போன் அடித்தால் எடுக்கத்தான் நேரமில்லை.

பெட்டைத் தேன்சிட்டு வாயில் சிலந்தி நூலோடு பறந்தால் கூடு கட்டுகிறது என்று அர்த்தம். கிட்டே போகாதே. படத்துக்காக இலையை ஒதுக்கினால் காக்கைக்கும் வால்காக்கைக்கும் நீயே வழி காட்டியதாகும். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து கேமராவைச் சட்டென்று வெளியே எடுக்காதே, லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வை. ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சை பிடிக்கும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துக்கொள். பையை வெளியே வைக்கும் அந்த அரை மணி நேரத்துக்காக ஆறு மணிக்கே எழுந்திருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், காலையில் எடு. செவ்வாய்க்கிழமை 10.40 எனக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சத்தைத்தான் சொல்கிறேன்.

பெரிய லென்ஸ் இப்போது வேண்டாம், தோட்டத்துக்கு 300 மி.மீ. போதும். உன் கணக்கில் 15,000 ரூபாய் போட்டிருக்கிறேன். மெமரி கார்டு வாங்கிக்கொள். திருப்பித் தர வேண்டாம்.

அப்பா